கிராபிக் டிசைன் படிக்க எந்தக் கம்பஸ்? மட்டக்களப்பு, அம்பாறை மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உயர்தரப் பெறுபேறு வந்த கிழமையிலேயே மட்டக்களப்பு நகரிலும் கல்முனையிலும் பனர்கள் தொங்கத் தொடங்கிவிடும். வெளிநாட்டுப் பட்டம், கொழும்பில் வகுப்பு, தவணை முறையில் கட்டணம், இன்றே பதிவு செய்தால் கழிவு. இன்னொரு பக்கம் வீட்டில், "சித்திரம் படிச்சு என்ன செய்யப் போறாய், ரீச்சிங் எடு" என்ற பேச்சு. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பிள்ளைக்கும், அந்தப் பிள்ளையின் பெற்றோருக்கும்தான் இந்த வழிகாட்டி.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரை வைத்தோ பட்டத்தின் பெயரை வைத்தோ இந்தத் துறையில் முடிவெடுக்க முடியாது. அங்கே படித்து முடித்தவர்கள் என்ன செய்து காட்டியிருக்கிறார்கள் என்பதுதான் அளவுகோல். கீழே சொல்வதெல்லாம் அதைக் கண்டுபிடிக்கும் வழிகள்.

படி 1: எந்த வேலைக்காகப் படிக்கப் போகிறீர்கள்?

கிராபிக் டிசைன் என்ற பெயருக்குக் கீழே பல தொழில்கள் இருக்கின்றன. கலியாணக் கார்ட், பிளெக்ஸ் பனர், லேபிள் என்று அச்சகத்தோடு ஒட்டிய வேலை ஒன்று. கொழும்பு விளம்பர நிறுவனங்களில் பிராண்ட், பிரசாரம் என்று போவது இன்னொன்று. செயலிகளுக்கும் இணையத்தளங்களுக்கும் இடைமுகம், அதாவது திரையில் பார்த்து அழுத்தும் பக்கங்கள், வடிவமைப்பது மூன்றாவது. இவற்றைவிட, வீட்டிலிருந்தே வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்வது, பாடசாலையில் சித்திர ஆசிரியராவது என்றும் வழிகள் உண்டு.

இதைத் தீர்மானிக்காமல் பல்கலைக்கழகம் தேடினால் எல்லாமே நல்லதாகத்தான் தெரியும். அரச ஆசிரியர் நியமனம்தான் இலக்கு என்றால், அரச பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பட்டம் நேரான வழி. இடைமுக வடிவமைப்பு என்றால் அதே பட்டம் சுற்றுவழி. முழு முடிவு இப்போதே வேண்டியதில்லை. எது வேண்டாம் என்று தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

படி 2: கைநூலில் சரியான பெயர்களைத் தேடுங்கள்

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் 'கிராபிக் டிசைன்' என்ற பெயரையே தேடினால் ஏமாற்றம்தான். இந்தத் துறை வேறு பெயர்களுக்குள் இருக்கிறது. நம் மாவட்டப் பிள்ளைகள் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது வீட்டு வாசலிலேயே இருக்கிறது. கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குவது. காரைதீவில் பிறந்த அடிகளின் பெயரில், இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கிப் பிறகு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. சங்கீதம், பரதம், நாடகம் ஆகியவற்றோடு கட்புல, தொழில்நுட்பக் கலைகள் என்ற துறையும் அங்கே உண்டு. பலருக்கு நிறுவகம் என்றால் வயலினும் சலங்கையும்தான் நினைவுக்கு வரும்; இந்தத் துறையை எட்டிப் பார்ப்பதே இல்லை. தமிழில் படிக்கலாம் என்பது பெரிய வசதி. கல்முனைப் பக்கத்திலிருந்து மட்டக்களப்புக்கு வரும் பஸ் கல்லடியைத் தாண்டித்தான் போகும் என்பதால், அம்பாறைக் கரையோரப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே போய்வரவும் முடியும்.

இரண்டாவது, கட்டுபெத்தையில் இருக்கும் மொறட்டுவைப் பல்கலைக்கழகம். அங்கே கட்டடக்கலைப் பீடத்துக்குள் வடிவமைப்புக்கென்றே ஒரு துறை இருக்கிறது. நான்கு ஆண்டு சிறப்புப் பட்டம், ஆங்கில மொழிமூலம். கைநூலில் 'வடிவமைப்பு' என்று தனியாக வரும். 'நவநாகரிக வடிவமைப்பு' என்று ஆடைத் துறைக்கானது வேறாக வரும், இரண்டையும் குழப்ப வேண்டாம்.

மூன்றாவது, கொழும்பு 7இல் உள்ள கட்புல மற்றும் அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம். கட்புலத் தொடர்பாடல் வடிவமைப்பு அங்கே ஒரு துறையாகவே உண்டு. ஆனால் அந்தச் சூழல் பெரும்பாலும் சிங்களம். விரிவுரை, ஒப்படை, பரீட்சை ஒவ்வொன்றும் எந்த மொழியில் என்று தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே விருப்பப் பட்டியலில் போடுங்கள். நான்காவது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நுண்கலைப் பரம்பரையில் வந்த சித்திரமும் வடிவமைப்பும். மருதனார்மடத்தில், தமிழ்ச் சூழலில்.

ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தைப் பற்றியும் கேட்பார்கள். அங்கே தகவல் தொழில்நுட்பம் இருக்கிறது, டிசைன் துறை இல்லை. நிரலாக்கம் தெரிந்த இடைமுக வடிவமைப்பாளருக்குச் சந்தையில் நல்ல மதிப்பு உண்டு என்பதால் அந்த வழியை முற்றாக ஒதுக்கவும் வேண்டாம்.

இந்தப் பட்டியலைக் கவனித்தால் மூன்று வேறு மரபுகள் தெரியும். கல்லடியும் யாழ்ப்பாணமும் ஓவியம், சிற்பம் என்ற நுண்கலை மரபிலிருந்து வருபவை. மொறட்டுவை, பிரச்சினையை எடுத்து அதற்குத் தீர்வு வடிவமைக்கும் மரபு. தகவல் தொழில்நுட்பத் துறைகள் திரையிலிருந்து தொடங்குபவை. பட்டச் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, எந்த மரபில் நான்கு ஆண்டு ஊறப் போகிறீர்கள் என்பது உங்கள் கையையும் கண்ணையும் அதிகம் மாற்றும்.

கைநூலில் முந்தைய ஆண்டின் இசட் வெட்டுப்புள்ளி மாவட்டவாரியாகப் போட்டிருக்கும். சில கற்கைநெறிகளுக்கு உங்கள் மாவட்டத்துக் கட்டத்தில் எண் இருக்காது, என்.கியூ.சி என்ற குறிதான் இருக்கும். அதைப் பார்த்து, நமக்கு இடமே இல்லை என்று நினைத்து விலகுபவர்கள் உண்டு. தகுதி பெற்ற விண்ணப்பதாரர் அந்த ஆண்டில் அந்த மாவட்டத்திலிருந்து இல்லை என்பதுதான் அதன் பொருள். விண்ணப்பிக்க அது ஒரு காரணம், விலகுவதற்கு அல்ல.

படி 3: உளச்சார்புப் பரீட்சையைத் தவறவிடாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள்.

டிசைன், கட்புலக் கலை சார்ந்த கற்கைநெறிகளுக்கு இசட் புள்ளி மட்டும் போதாது. பல்கலைக்கழகம் நடத்தும் உளச்சார்பு அல்லது செயன்முறைப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். அதற்கான விண்ணப்பத்தை ஆணைக்குழுவுக்கு அனுப்பும் விண்ணப்பத்தோடு சேர்த்துப் போட முடியாது. பல்கலைக்கழகம் பத்திரிகையிலும் தன் இணையத்தளத்திலும் அறிவித்தல் விடும். அதற்குத் தனியாக, நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும். அது மட்டும் போட்டு ஆணைக்குழு விண்ணப்பத்தில் அந்தக் கற்கைநெறியை விட்டுவிட்டாலும் பயனில்லை. இரண்டும் வேண்டும். மொறட்டுவைக்குப் போகக்கூடிய கை உள்ள பிள்ளைகள், புள்ளி குறைந்ததால் அல்ல, அறிவித்தலைக் காணாததால் வாய்ப்பிழக்கிறார்கள். கொழும்புப் பாடசாலைகளில் இதைச் சொல்ல ஆள் இருக்கிறது. படுவான்கரையிலோ பொத்துவிலிலோ அது நம் பொறுப்பு. பெறுபேறு வந்த நாளிலிருந்து மேலே சொன்ன பல்கலைக்கழகங்களின் தளங்களைக் கிழமைக்கு ஒருமுறையாவது திறந்து பாருங்கள். சாதாரண தரத்தில் குறிப்பிட்ட பாடங்களில் குறிப்பிட்ட சித்தி கேட்கும் கற்கைநெறிகளும் உண்டு, அதையும் கைநூலில் சரிபாருங்கள்.

இப்படியான பரீட்சைகளில் பொதுவாகச் சோதிப்பது பார்வையையும் யோசனையையும்தான். பொருளைப் பார்த்து வரைதல், ஒரு கருத்தைப் படமாக்குதல், கொடுத்த வடிவங்களைக் கொண்டு புதிதாக ஒன்றைக் கட்டுதல். உயர்தரத்தில் சித்திரம் எடுக்காதவர்கள், கற்கைநெறி அதைக் கேட்கிறதா என்று முதலில் கைநூலில் பாருங்கள்; கேட்காவிட்டால் பயப்படத் தேவையில்லை, ஆனால் கை பழக வேண்டும். தினமும் ஒரு பக்கம் வரையுங்கள். சைக்கிள் செயின், தயிர்ச் சட்டி, பஸ்ஸில் தூங்கும் ஆள் என்று கண்ணுக்கு முன் இருப்பதை வரையுங்கள். போட்டோவைப் பார்த்து நடிகர் முகம் வரைவது இதற்கு உதவாது. மொறட்டுவைக்குப் போக நினைப்பவர்கள், தங்கள் படத்தை ஆங்கிலத்தில் நாலு வசனத்தில் விளக்கிப் பழகுவதும் நல்லது.

படி 4: துறைக்குள்ளே எட்டிப் பாருங்கள்

பாடத்திட்டத்தைக் கையில் எடுங்கள். பெரும்பாலும் பல்கலைக்கழகத் தளத்திலேயே இருக்கும், இல்லாவிட்டால் படிக்கும் மாணவர் ஒருவரிடம் வாங்கலாம். முதல் தவணை போட்டோஷொப், இரண்டாம் தவணை இலஸ்ட்ரேட்டர் என்று மென்பொருள் பெயர்களாகவே பாடங்கள் ஓடினால், அது பட்டம் என்ற பெயரில் நடக்கும் பயிற்சி வகுப்பு. மென்பொருள் 5 ஆண்டில் மாறிவிடும். வரைதல், நிறம், எழுத்துருவியல், பக்க அமைப்பு, அச்சு உற்பத்தி, டிசைன் வரலாறு, பயனரை ஆராய்தல், தொழிற்பயிற்சி, இறுதி ஆண்டுச் செயற்றிட்டம் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். தொழிற்பயிற்சியைப் பல்கலைக்கழகம் ஒழுங்கு செய்து தருகிறதா, நீங்களே தேட வேண்டுமா என்பதையும் கேளுங்கள். மட்டக்களப்பிலிருந்து போகும் பிள்ளைக்குக் கொழும்பு நிறுவனங்களில் அறிமுகம் இருக்காது, அதனால் இந்தக் கேள்விக்குப் பெறுமதி அதிகம்.

அடுத்தது மாணவர் வேலை. இறுதி ஆண்டுக் கண்காட்சி நடந்தால் போய்ப் பாருங்கள். கல்லடி தூரம் என்று யாரும் சாட்டுச் சொல்ல முடியாது, பஸ் ஏறினால் போதும். தூரத்தில் இருப்பவற்றுக்கு, வடிவமைப்பாளர்கள் தங்கள் வேலையைப் போடும் பிஹான்ஸ் தளம், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றில் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் மாணவர் வேலைகள் வரும். விளம்பரத்தில் காட்டும் ஒரு சிறந்த மாணவரை விட்டுவிட்டு நடுத்தர மாணவரின் வேலையைப் பாருங்கள். எல்லாருடைய வேலையும் ஒரே சாயலில் இருந்தால் விரிவுரையாளரின் ரசனையைத்தான் அங்கே படிப்பிக்கிறார்கள்.

அப்புறம், தமிழ் எழுத்து. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நம் ஊர் அச்சகங்களில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் இன்னும் ஓடுகின்றன. ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருக்கும் முறை அது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பை தெரியும், தேடவும் முடியாது. யூனிகோடில் அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் பழைய அடோபி மென்பொருள்களில் யூனிகோட் தமிழைப் போட்டால் கொம்பும் காலும் இடம் மாறி உடைந்து நிற்கும். அதனால்தான் பலர் பாமினியை விடவில்லை. இப்போதைய பதிப்புகளில் தெற்காசிய எழுத்துகளுக்கான தளக்கோல (லேஅவுட்) அமைப்பைத் தெரிவு செய்தால் தமிழ் ஒழுங்காக வரும். இன்டிசைனிலும் அதற்கென்று தனிக் கட்டமைப்பான் (கம்போசர்) இருக்கிறது. இது பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுக்கக்கூடிய விஷயம். ஆனால் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும்.

இதற்கு மேலே நிஜமான டிசைன் கேள்விகள் இருக்கின்றன. தமிழ்ச் சொல் ஆங்கிலச் சொல்லைவிட நீளம். அதே அளவுப் பெட்டிக்குள் மூன்று மொழியையும் எப்படி அடக்குவது? சிங்கள எழுத்தின் உருட்சியும் தமிழின் சதுரமும் ஆங்கிலப் பெரிய எழுத்தும் ஒரே பலகையில் ஒரே பாரமாகத் தெரிய எழுத்தின் தடிப்பை எப்படித் தெரிவு செய்வது? கூகுள் எழுத்துருக்களில் முக்தா மலர், கட்டமரான், ஹிந்த் மதுரை, நோட்டோ தமிழ் என்று இலவசமாகக் கிடைப்பவற்றில் எது பந்தியில் வரும் உடலெழுத்துக்கு, எது தலைப்புக்கு? மூன்று மொழியிலும் அறிவித்தல் அடிக்கும் நாட்டில், தமிழைப் பிழையாகவும் அவலட்சணமாகவும் போடும் பலகைகள் எத்தனை என்று எல்லாருக்கும் தெரியும். அதைச் சரியாகச் செய்யத் தெரிந்தவருக்கு அரச சார்பற்ற நிறுவனங்களின் அறிக்கைகளிலிருந்து பாசிக்குடா ஹோட்டல் மெனு வரை வேலை இருக்கிறது. ஆகவே எந்தத் துறைக்குப் போனாலும் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: தமிழ் எழுத்தமைப்பு எந்த ஆண்டில், யாரால் கற்பிக்கப்படுகிறது? கொழும்பின் பெரிய இடங்களில் இதற்குப் பதில் தடுமாறும். தமிழ்மொழி மூலத் துறைகளில், "நாங்கள் தமிழில்தானே படிப்பிக்கிறோம்" என்பார்கள். தமிழில் படிப்பிப்பது வேறு, தமிழ் எழுத்தை வடிவமைக்கப் படிப்பிப்பது வேறு.

கடைசியாக, அண்மையில் முடித்த மூன்று நான்கு பேரிடம் பேசுங்கள். எங்கே வேலை செய்கிறார்கள், முதல் வேலை எப்படிக் கிடைத்தது, மறுபடியும் அங்கேயே படிப்பார்களா. பகிடிவதை பற்றியும் ஒளிவுமறைவின்றிக் கேளுங்கள். பெற்றோர் கேட்கத் தயங்கும் விஷயம் அது.

படி 5: தனியார் நிறுவனம் என்றால் கடிதத்தைக் கேளுங்கள்

கொழும்பில் ஏஓடி போன்ற டிசைன் கல்லூரிகள் பிரித்தானியப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டம் நடத்தி வந்திருக்கின்றன. நல்ல வேலைகளும் அங்கிருந்து வந்திருக்கின்றன. ஸ்லிட்டில் தகவல் தொழில்நுட்பப் பக்கத்திலிருந்து ஊடாடு ஊடகம் (இன்டரக்டிவ் மீடியா) படிக்கலாம். இவற்றைக் கண்ணை மூடி ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் பனரில் கொடி போட்ட எல்லாமே இந்த வகை அல்ல.

சரிபார்க்க வேண்டியது இரண்டு. உள்நாட்டு நிறுவனம் தன் பெயரிலேயே பட்டம் கொடுத்தால், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25அ பிரிவின்படி அந்தக் குறிப்பிட்ட பட்டத்துக்கு அனுமதி இருக்க வேண்டும். நிறுவனத்துக்கு அனுமதி இருந்தால் போதாது, நீங்கள் சேரும் பட்டத்துக்கு இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பட்டம் என்றால், அந்தப் பல்கலைக்கழகம் பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டு நூலிலோ சர்வதேசப் பல்கலைக்கழகங்களின் கைநூலிலோ இருக்கிறதா என்பதைத்தான் ஆணைக்குழு பார்க்கும். பிறகு அரச வேலைக்குப் போகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் இதை எழுத்தில் வாங்குங்கள். டிப்ளோமா இரண்டு ஆண்டு, கடைசி ஆண்டு மட்டும் பட்டம் என்ற அமைப்பில், நடுவில் நிறுத்தினால் கையில் என்ன சான்றிதழ் மிஞ்சும் என்றும் கேளுங்கள்.

கட்டணத்தில் ஒரு பகுதி பவுணிலோ டொலரிலோ இருந்தால் கவனம். 2022இன் முதல் மாதங்களில் டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து 360 வரை ஏறியது. அந்த நேரத்தில் பாதிப் படிப்பில் இருந்த குடும்பங்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். வளவை ஈடு வைத்துப் படிக்க வேண்டிய படிப்பு இது என்று நான் நினைக்கவில்லை. உயர்தரம் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கு வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் இருக்கிறது. அந்தப் பட்டியலில் நீங்கள் விரும்பும் கற்கைநெறி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

படி 6: இந்தியா

அகமதாபாத்தில் 1961இல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவகம் இந்தப் பிராந்தியத்தின் முன்னோடி. நுழைவுத் தேர்வு கடினம், ஆனால் முயன்று பார்க்கத்தக்கது. சென்னையில் 1850இலிருந்து வரும் அரசு கவின் கலைக் கல்லூரி நுண்கலை மரபு. தமிழ்நாட்டில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) என்று பிரபலமாக இருப்பது பெரும்பாலும் சினிமா, புகைப்படம், விளம்பரம் கலந்த ஊடகப் படிப்பு. டிசைன் அதில் ஒரு பங்கு மட்டுமே. இந்திய அரசு இலங்கை மாணவர்களுக்கு நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில் உட்படச் சில உதவிகள் கொடுக்கிறது. இந்திய உயர்ஸ்தானிகராலயமும் கல்வி அமைச்சும் அறிவிக்கும்.

படி 7: புள்ளி போதாவிட்டால்

இந்தப் பக்கம் நம் ஊரில் யாரும் சரியாக விளக்குவதில்லை. கணினி கிராபிக் டிசைனர் பாடநெறியை என்.வி.கியூ எனப்படும் தேசிய தொழிற்தகைமையின் 4ஆம் மட்டத்தில் தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களில் படிக்கலாம். 5ஆம், 6ஆம் மட்டங்கள் டிப்ளோமா. 7ஆம் மட்டம் பட்டம். இரத்மலானையில் இருக்கும் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்தில் (யூனிவொடெக்) பல்லூடக, இணையத் தொழில்நுட்பத்தில் பட்டம் உண்டு, இந்த ஏணி வழியாக அங்கே ஏறலாம். இசட் புள்ளி குறைந்த பிள்ளைக்கு, கடன் பட்டுத் தனியாரில் சேர்வதைவிட இதைத்தான் நான் முதலில் சொல்வேன். சேரும் நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 8: செலவைக் கூட்டிப் பாருங்கள்

அரச பல்கலைக்கழகத்தில் கற்பித்தல் இலவசம். தகுதியுள்ளவர்களுக்கு மகாபொல அல்லது நிதியுதவி கிடைக்கும். ஆனால் டிசைன் மாணவருக்கு லப்டொப், பிரின்ட், தாள், மாதிரி செய்யும் பொருட்கள் என்று கைச்செலவு கலைப்பீட நண்பரைவிட அதிகம். மென்பொருளுக்குப் பயப்பட வேண்டாம்: இலவசமாகக் கிடைக்கும் ஃபிக்மா, இன்க்ஸ்கேப், கிருதா ஆகியவற்றை வைத்தே முதல் ஆண்டைத் தாண்டலாம். விடுதி எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கும் என்று கேளுங்கள். பெண் பிள்ளையைக் கொழும்புக்கு விடத் தயங்கும் வீடுகளில் பேச்சு பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியில்தான் முடிகிறது.

படி 9: விருப்ப வரிசை

ஆணைக்குழு விண்ணப்பத்தில் மேலே போட்டது கிடைத்துவிட்டால் கீழே உள்ளவற்றைப் பார்க்க மாட்டார்கள். ஆகவே உண்மையான ஆசையின் வரிசையிலேயே போடுங்கள்; எது கிடைக்கும் என்று கணக்குப் போட்டு மேலே ஏற்ற வேண்டாம். ஒரு பல்கலைக்கழகத்தில் பதிவு செய்துவிட்டு அடுத்த ஆண்டு வேறொன்றுக்கு விண்ணப்பிக்கலாம் என்ற நினைப்பும் வேண்டாம், விதி அதற்கு இடம் கொடுக்காது.

என் வரிசையைக் கேட்டால்: ஆங்கிலம் ஓரளவு வரும், ஊரை விட்டுப் போகவும் தயார் என்றால் மொறட்டுவை முதலில். ஓவியமே உயிர், ஆசிரியப் பணியும் பிடிக்கும் என்றால் கல்லடி முதலில், யாழ்ப்பாணம் அடுத்தது. கல்லடியில் சேர்பவர்கள் எழுத்துருவியலையும் இடைமுக வடிவமைப்பையும் தாங்களாகவே பக்கத்தில் படிக்க வேண்டியிருக்கலாம். வீட்டிலிருந்து போய்வருவதால் மிஞ்சும் பணத்தை அதற்குப் போடலாம்.

பெறுபேற்றுக்கும் பல்கலைக்கழகம் தொடங்குவதற்கும் இடையே பல மாதம் கிடைக்கும். அந்த நேரத்தில் ஊரிலிருந்தே, உங்கள் வேலைகளைக் காட்டும் தொகுப்பான போர்ட்ஃபோலியோவுக்கு மூன்று வேலை செய்யுங்கள். கல்முனை பஸ் நிலைய நேர அட்டவணையை மூன்று மொழியில் வாசிக்கக்கூடியதாக மாற்றுங்கள். மருதமுனை நெசவுச் சாரத்துக்கு ஒரு லேபிளும் பொதியும் செய்யுங்கள். மூன்றாவது உங்கள் விருப்பம். முடிந்த படத்தை மட்டும் வைக்காமல், முதல் கிறுக்கலிலிருந்து இடையில் கைவிட்டவை வரை எல்லாவற்றையும் திகதி போட்டு ஒரே கோப்பில் வையுங்கள். உளச்சார்புப் பரீட்சை அனுமதி அட்டையின் பிரதியும் விண்ணப்பத்தின் பிரதியும் அதே கோப்பில் இருக்கட்டும்.